கனடாவில் அகதிக் கோரிக்கை: முதல் படிவத்திலிருந்து விசாரணை வரை

இலங்கையிலிருந்து வந்து ஒன்ராறியோவில் நிற்கிற ஆக்களுக்காக இதை எழுதுகிறேன். சிலர் இன்னும் கேஸ் போட்டிருக்க மாட்டீர்கள். சிலர் போட்டுவிட்டு, அடுத்த கடிதம் எப்போது வரும், வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பீர்கள். தம்பி குடும்பத்தின் கேஸோடு அலைந்து தெரிந்துகொண்டவை இவை. நான் லோயர் இல்லை. சட்டம் இங்கே அடிக்கடி மாறுகிறது, ஆகவே காசும் திகதியும் சம்பந்தப்பட்டதைக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் ஒருக்கா சரிபார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கேஸ் போடுவதற்கு அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய காசு ஒரு சதமும் இல்லை. கைரேகைக்கும் இல்லை, முதல் வேர்க் பேர்மிட்டுக்கும் இல்லை. "பைல் திறக்கிற காசு" என்று யாராவது கேட்டால் அது அவருடைய சட்டைப் பைக்குப் போகிற காசு.

1. படிவத்தைத் தொட முதல்: உங்கள் கேஸை எடுப்பார்களா?

எல்லாருடைய கோரிக்கையும், அதை விசாரித்து முடிவு சொல்கிற அகதிச் சபைக்குப் போவதில்லை. முதலில் தகுதி பார்ப்பார்கள். நம்முடைய ஆக்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மூன்று இடத்தில்.

முதலாவது, அமெரிக்காவிலிருந்து தரைவழியாக வருவது. 2023 மார்ச் 25-இலிருந்து எல்லை முழுவதற்கும், சோதனைச் சாவடி இல்லாத காட்டுப் பாதைக்கும் சேர்த்து, கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தம் பொருந்துகிறது. எல்லை கடந்து 14 நாளுக்குள் கோரினால் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பலாம். ஆனால் கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள நெருங்கிய உறவு இருந்தால் விலக்கு உண்டு. தாய் தகப்பன், கணவன் மனைவி, பிள்ளை, சகோதரம், பேரன் பேத்தி, தாத்தா பாட்டி, பெற்றோரின் சகோதரங்கள், சகோதரங்களின் பிள்ளைகள் எல்லாரும் இதற்குள் வருவார்கள். மச்சான் வரமாட்டார். ஒன்றுவிட்ட சகோதரமும் வராது. "ஸ்காபரோவில் மச்சான் இருக்கிறார், பயமில்லை" என்று ஏஜென்ட் சொல்வதை நம்பிப் போய் நிற்காதீர்கள்.

உறவை வாயால் சொன்னால் போதாது, கடதாசியால் காட்ட வேண்டும். தகப்பனின் தம்பியைக் காட்டுவதென்றால் உங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரம், தகப்பனுடையது, சித்தப்பாவுடையது மூன்றும் வேண்டும். தகப்பனுடையதிலும் சித்தப்பாவுடையதிலும் தாத்தா பாட்டியின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் ஒன்றில் "கந்தையா" என்றும் மற்றதில் "கந்தசாமி" என்றும் பதிந்து வைத்திருப்பது சாதாரணம். எல்லைக்குப் போக முதலே ஒரு சத்தியக்கடதாசியால் அதை விளக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, முன்னர் அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஒன்றில் அகதிக் கோரிக்கை கொடுத்திருப்பது. 2019-இலிருந்து அப்படிப்பட்டவர்களின் கேஸ் சபைக்குப் போவதில்லை, வேறு ஒரு மதிப்பீட்டு வழிக்குப் போகும். மறைத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த நாடுகள் கைரேகையைப் பகிர்ந்துகொள்கின்றன.

மூன்றாவது, வந்து கனகாலம் இருந்துவிட்டுக் கேஸ் போடுவது. 2020 ஜூன் 24-க்குப் பிறகு கனடாவுக்குள் முதல் தடவை வந்து ஒரு வருடம் தாண்டியவர்களின் கோரிக்கையைச் சபைக்கு அனுப்பக் கூடாது என்ற மாற்றத்தை அரசாங்கம் 2025 ஜூன் 3-ல் மசோதாவாக முன்வைத்தது. அன்றிலிருந்து போடுகிற கேஸ்களுக்கும் அது பொருந்தும் வகையில்தான் எழுதியிருந்தார்கள். விசிற்றர் விசாவிலோ மாணவர் விசாவிலோ வந்து ஒரு வருடம் கடந்தவர்கள் லோயரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இன்னும் ஒரு வருடம் ஆகவில்லையென்றால் "விசா முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருக்காதீர்கள்.

2. லோயர்: யாரிடம் போவது, எவ்வளவு?

ஒன்ராறியோவில் லீகல் எயிட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான சட்ட உதவி, இருக்கிறது. 1-800-668-8258 என்ற இலக்கத்துக்கு அடித்துத் தமிழில் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வருமானம் குறைவு என்றால், கேஸிலும் விஷயம் இருக்கிறது என்று கண்டால், ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை ஏற்றுக்கொள்கிற லோயரை நீங்களே தெரிவு செய்யலாம். படிவம் எழுதுவதும் விசாரணைக்கு வருவதும் அதற்குள் அடங்கும். சான்றிதழை வாங்கிக்கொண்ட லோயர் அதே வேலைக்கு உங்களிடம் மேலதிகமாகக் காசு கேட்கக் கூடாது. கேட்டால் லீகல் எயிட்டுக்கே சொல்லலாம்.

லோயரின் பெயர் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பெயர்ப்பட்டியலில் இருக்க வேண்டும். கன்சல்டன்ட் என்றால் குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் பட்டியலில் இருக்க வேண்டும், அதிலும் அகதிச் சபைக்கு முன் வர அனுமதி உள்ள வகுப்பு உரிமமா என்று பாருங்கள். இரண்டு பட்டியலும் இணையத்தில் இருக்கின்றன, பார்க்க இரண்டு நிமிடம் போதும். பட்டியலில் இல்லாதவர், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், காசு வாங்கிக்கொண்டு உங்கள் கேஸை நடத்த முடியாது. ஊர்க்காரர், கோயிலில் தெரிந்தவர், ரக்ஸ் போடுகிறவர் என்று நம்முடைய சனம் போகிற இடங்களில் அரைவாசி இந்த ரகம். படிவம் பிழைத்தால் அவர் பெயர் அதில் எங்கும் இருக்காது. உங்கள் கையெழுத்துத்தான் இருக்கும்.

முதல் சந்திப்பில் மூன்று விஷயம் கேளுங்கள்: கதையை யார் எழுதுவது, லோயரா உதவியாளரா? எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுவது யார்? விசாரணைக்கு வரப்போவது இதே லோயர்தானா?

3. பி.ஓ.சி: கேஸே இதுதான்

கோரிக்கையின் அடிப்படை என்று ஒரு படிவம், எல்லாரும் பி.ஓ.சி என்பார்கள். மற்ற எல்லாவற்றையும் அவசரமாகச் செய்யலாம், இதை மட்டும் செய்யக் கூடாது. பிறகு கொடுக்கிற ஒவ்வொரு கடிதத்தையும், விசாரணையில் நீங்கள் சொல்கிற ஒவ்வொரு வசனத்தையும் இதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். இதில் இல்லாத பெரிய சம்பவம் ஒன்றை விசாரணையில் புதிதாகச் சொன்னால், "அப்போது ஏன் எழுதவில்லை?" என்ற கேள்வியிலேயே பாதிக் கேஸ் போய்விடும்.

நாட்டுக்குள் இருந்து கேஸ் போடுகிறவர்கள் இதை ஆன்லைன் விண்ணப்பத்தோடு சேர்த்தே ஏற்ற வேண்டும், ஆகவே ஆறுதலாக எழுதி முடித்த பிறகுதான் அனுப்புவீர்கள். விமான நிலையத்தில் கேட்டவர்களுக்குத்தான் அவசரம். விதிப்படி 15 நாள், சபை 45 நாள் கொடுத்த காலமும் உண்டு. அடுத்த வீட்டுக்காரருக்கு எத்தனை நாள் கிடைத்தது என்று விசாரிக்காமல் உங்கள் கையில் தந்த கடிதத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். அது தவறினால் கேஸைக் கைவிட்டதாக எடுப்பதற்குத் தனி விசாரணை வைப்பார்கள்.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளை பெரியவரோடு வந்திருந்தால் ஆள் விபரப் பகுதி மட்டும் போதும்.

எழுதுகிற விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "2021-ல் சி.ஐ.டி வந்து விசாரித்தது, பயமாக இருந்தது" என்று எழுதினால் அது யாருடைய கதையாகவும் இருக்கலாம். எத்தனை பேர், சீருடையா சிவிலா, எந்த மொழியில் கதைத்தார்கள், எந்த அறையில் இருத்தினார்கள், யாருடைய பெயரைக் கேட்டார்கள், போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போனார்கள், அன்றிரவு நீங்கள் எங்கே படுத்தீர்கள் என்று எழுதினால் அது உங்களுடைய கதை. அதே நேரம் நினைவில்லாத திகதியை நினைவிருப்பது போல எழுத வேண்டாம். "ஒக்டோபர் 14" என்று போட்டுவிட்டு விசாரணையில் "நவம்பர் போல" என்றால் பிடிப்பார்கள். தீபாவளிக்கு முந்தின கிழமை, மாரி தொடங்கின நேரம், மகள் நாலாம் வகுப்புப் படிக்கும்போது என்று நினைவில் இருக்கிற மாதிரியே எழுதலாம், அது குறையில்லை.

கட்டாயம் கேட்கப்போகிற சில கேள்விகளுக்குப் பதில் படிவத்திலேயே இருக்க வேண்டும். ஏன் கொழும்பிலோ வேறு இடத்திலோ போய் இருக்கவில்லை? பொலிசிடம் ஏன் போகவில்லை, போனால் என்ன நடந்தது? முதல் பிரச்சினை வந்த உடனே ஏன் வெளிக்கிடவில்லை? இடையில் இந்தியாவுக்கோ டுபாய்க்கோ போய்விட்டு ஏன் திரும்பி வந்தீர்கள்? கனடா வந்த அன்றைக்கே ஏன் கேட்கவில்லை? கடைசிக் கேள்விதான் விசிற்றர் விசாவில் வந்தவர்களை அதிகம் திணற வைக்கிறது.

அவர்களுக்கு இன்னொரு பொறியும் இருக்கிறது: விசா எடுத்தபோது கொழும்பில் ஒருவர் நிரப்பிய விண்ணப்பம். அதில் உங்கள் வேலை, கல்யாணம், சகோதரங்கள், வங்கிக் காசு பற்றி என்ன எழுதினார் என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அந்தப் பைல் அரசாங்கத்திடம் இருக்கிறது, விசாரணைக்கும் வரும். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டி அதன் பிரதியைக் கேட்கலாம், லோயரும் எடுத்துத் தருவார். கையில் வர நாள் எடுக்கும், ஆகவே முதல் கிழமையே கேட்டு வையுங்கள். பிழை இருந்தால் பி.ஓ.சியில் நீங்களாகவே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் கண்டுபிடித்த பிறகு சொல்கிற விளக்கத்துக்கு மதிப்புக் குறைவு.

கையெழுத்து வைக்க முதல், ஆங்கிலத்தில் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்துக் காட்டியதாக மொழிபெயர்த்தவர் ஒப்பமிடுகிற பகுதியே படிவத்தில் இருக்கிறது. "நீங்கள் சொன்னதுதான் அண்ணை, சைன் பண்ணுங்கோ" என்று அவசரப்படுத்துகிற இடத்தில் பேனையைக் கீழே வைத்துவிடுங்கள். தம்பியின் படிவத்தை வாசிக்கக் கேட்டபோது, அவனைக் கூட்டிக்கொண்டு போனது "இராணுவம்" என்று இருந்தது. அவன் சொன்னது புலனாய்வுத் துறை. அடுத்த பக்கத்தில் மூன்று நாள் மூன்று கிழமையாகி இருந்தது.

பிறகு பிழை கண்டால் திருத்தலாம். மாற்றிய இடத்தில் கீழ்க்கோடு போட்டு, கையெழுத்தும் திகதியும் வைத்து, விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னர் சபைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

4. ஆன்லைனில் ஏற்றுவதும் பிறகு வருகிற கடதாசிகளும்

ஆன்லைன் விண்ணப்பத்தில் கடந்த 10 வருட விலாசம், வேலை, பயணம் எல்லாம் இடைவெளி இல்லாமல் கேட்கும். வேலையில்லாமல் இருந்த மாதங்களையும் "வேலையில்லை" என்று நிரப்ப வேண்டும். உட்காருவதற்கு முதலே ஒரு கொப்பியில் வருடவாரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த விபரங்களும் பி.ஓ.சியும் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது. வேர்க் பேர்மிட் வேண்டுமா என்ற கேள்விக்கு ஆம் என்று குறிக்க மறக்க வேண்டாம்.

விண்ணப்பம் முழுமை என்று கண்டால் கோரிக்கை கிடைத்ததற்கான கடிதம் அனுப்புவார்கள். இடைக்கால மருத்துவக் காப்பும் அதோடு வரும். அப்புறம் கைரேகை, நேர்காணல். மூலப் பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் முன்கூட்டியே நிறத்தில் ஸ்கான் பண்ணி வையுங்கள். தகுதி உண்டு என்று முடிவானதும் உங்கள் படம் போட்ட அகதிக் கோரிக்கையாளர் ஆவணம் தருவார்கள். "பிரவுண் பேப்பர்" என்று சனம் சொல்வது அதைத்தான்.

அந்தக் கட்டுக்குள் நாட்டைவிட்டு வெளியேறும்படி ஒரு உத்தரவும் இருக்கும். இதைக் கண்டு இரவிரவாக அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும். அது எல்லாருக்கும் கொடுக்கிற நிபந்தனை உத்தரவு. கேஸ் முடியும் வரை செல்லாது.

5. மெடிக்கல், வேர்க் பேர்மிட், சின்

கடிதம் வந்து 30 நாளுக்குள் குடிவரவு மருத்துவப் பரிசோதனை. உங்கள் குடும்ப டொக்டர் செய்ய முடியாது, திணைக்களத்தின் பட்டியலில் உள்ளவர்தான் செய்வார். காசு இடைக்காலக் காப்பிலிருந்து போகும். அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே அந்தக் காப்பை ஏற்கிறார்களா என்று கேளுங்கள். மெடிக்கல் முடியாமல் வேர்க் பேர்மிட் வராது, ஆகவே இதைத் தள்ளிப்போடுகிறவர் சம்பளத்தைத் தள்ளிப்போடுகிறார்.

பேர்மிட் வந்ததும் சேர்விஸ் கனடாவில் சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம் எடுங்கள், இலவசம். 9-ல் தொடங்கும், பேர்மிட் முடிகிற திகதியோடு அதுவும் முடியும். பேர்மிட்டைப் புதுப்பிக்கும்போது சின்னையும் புதுப்பிக்க வேண்டும்.

6. தங்க இடம், கைச்செலவு, பள்ளிக்கூடம்

சொந்தக்காரர் வீடு இல்லாதவர்கள் 211-க்கு அடியுங்கள், தங்குமிடங்களையும் உணவு வங்கிகளையும் சொல்வார்கள். ரொறன்ரோவில் எப்.சி.ஜே அகதி மையம் வழிகாட்டும். வேலை கிடைக்கும் வரை ஒன்ராறியோ வேர்க்ஸ் உதவிப் பணத்துக்கு அகதிக் கோரிக்கையாளர்களும் விண்ணப்பிக்கலாம். தனி ஆளுக்கு வாடகைப் பங்கும் சேர்த்து மாதம் 733 டொலர்தான் உச்சம். ரொறன்ரோவில் ஒரு அறை வாடகைக்கே அது காணாது, ஆகவே அதை நம்பி வீடு பார்க்க வேண்டாம். வேலை தொடங்கினால் வருமானத்தை அறிவியுங்கள். மறைத்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேர்க் பேர்மிட்டோ விசாரணை முடிவோ தேவையில்லை. வந்த கிழமையே சேர்க்கலாம்.

விலாசம் மாறினால் அகதிச் சபைக்குத் தனியாக, குடிவரவுத் திணைக்களத்துக்குத் தனியாக அறிவிக்க வேண்டும். ஒன்றுக்குச் சொன்னால் மற்றதுக்குப் போகாது. பேஸ்மென்டிலிருந்து பேஸ்மென்டுக்கு மாறுகிற நம்முடைய ஆக்களுக்கு விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விடுகிறது. லோயருக்கும் சொல்லுங்கள்.

7. ஊரிலிருந்து எடுக்க வேண்டியவை

2025-ல் சபையில் நிலுவையில் இருந்த கேஸ்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஆகவே விசாரணைக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். "இன்னும் நாள் இருக்குத்தானே" என்று இருந்தால், திடீரென்று திகதி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஊரில் கிராம அலுவலர் மாறிப்போவார், சாட்சி சொல்லக்கூடிய கிழவர் இறந்துபோவார். கடதாசி சேர்க்கிற வேலை கேஸ் போட்ட மாதமே தொடங்க வேண்டும்.

முதலில் ஆளை நிரூபிக்கிறவை: பிறப்பத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, விவாகப் பதிவு, பள்ளிச் சான்றிதழ். அடுத்தது சம்பவத்தை நிரூபிக்கிறவை: பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாடு, தடுத்து வைத்திருந்தபோது செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தந்த அட்டை, நீதிமன்றக் கடதாசி, ஆஸ்பத்திரித் துண்டு. உடம்பில் தழும்பு இருந்தால் இங்கே ஒரு டொக்டரிடம் காட்டி அறிக்கை எடுக்கலாம். நித்திரை இல்லை, பழையதைக் கதைத்தால் நடுங்குகிறது என்றால் உளவியல் அறிக்கையும் உதவும். இதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் அதிகம். விசாரணையில் ஏன் தடுமாறினீர்கள் என்பதற்கு அந்த அறிக்கைதான் பதில் சொல்லும்.

குடும்பத்தாரும் அயலவரும் தருகிற சத்தியக்கடதாசிகளை ஒரே சமாதான நீதவானிடம் ஒரே நாளில் ஒரே வசனத்தில் எழுதி வாங்காதீர்கள். அம்மா, மாமா, அயல்வீட்டுக்காரர் மூன்று பேரும் "கடும் மன உளைச்சலுக்கு உள்ளாக்கப்பட்டார்" என்று ஒரே மாதிரி எழுதியிருந்தால் கேஸை விசாரிக்கிற சபை அங்கத்தவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அம்மா தான் கண்டதை அம்மா கதைக்கிற மாதிரியே எழுதட்டும், அயலவர் கேட்டதை மட்டும் எழுதட்டும். ஒவ்வொன்றோடும் எழுதியவரின் அடையாள அட்டைப் பிரதி வேண்டும். தபாலில் வந்த உறையையும் எறிய வேண்டாம். காசு கொடுத்துச் செய்விக்கிற கள்ளக் கடிதம் ஒன்று பிடிபட்டால் உண்மையான பத்துக் கடிதத்தையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

தமிழிலும் சிங்களத்திலும் உள்ள எல்லாவற்றுக்கும் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் வேண்டும். மொழிபெயர்ப்புக்குப் பக்கக் கணக்கில் காசு. தேவையில்லாத பத்திரிகைச் செய்திகளைக் குவித்துக் கொடுத்து இதில் காசைக் கரைக்காதீர்கள். இலங்கையின் பொது நிலவரம் பற்றிய ஆவணத் தொகுப்பைச் சபையே தன் தளத்தில் வைத்திருக்கிறது. லீகல் எயிட் சான்றிதழில் மொழிபெயர்ப்புக்கு ஒதுக்கீடு உண்டா என்று முதலே கேளுங்கள். எல்லாவற்றுக்கும் தொடர் பக்க எண் போட்டு, ஒரு பட்டியலோடு, விசாரணைக்கு 10 நாள் முன்னர் சபையிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

8. விசாரணை நாள்

பெரும்பாலும் வீடியோவில், ஒரு அங்கத்தவர் முன், அரை நாள் போல நடக்கும். வீட்டில் தனி அறையோ நல்ல இன்டர்நெட்டோ இல்லையென்றால் நேரில் வைக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்கலாம். பிள்ளை அழுகிற பேஸ்மென்டில் இருந்துகொண்டு சித்திரவதையைச் சொல்ல முடியாது. வெளியார் யாரும் வரமாட்டார்கள், நீங்கள் சொல்வது இலங்கை அரசுக்குப் போகாது.

உரைபெயர்ப்பாளரைச் சபையே காசில்லாமல் தரும். தொடங்கும்போது அவர் கதைப்பது விளங்குகிறதா என்று கேட்பார்கள். இந்தியத் தமிழ் கதைக்கிறவர் வந்து உங்களுக்குச் சிக்கல் என்றால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். முடிவு வந்த பிறகு "அவர் பிழையாகச் சொன்னார்" என்பது எடுபடாது. ஒரு கேள்வி விளங்காவிட்டால் திருப்பிக் கேளுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள். முதல் நாள் பி.ஓ.சியை வாசிப்பது பாடமாக்குவதற்கு இல்லை, எதை எழுதினோம் என்று நினைவில் இருப்பதற்கு.

வருத்தம் வந்து போக முடியாவிட்டால் டொக்டரின் கடிதம் கட்டாயம் வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டால் கேஸைக் கைவிட்டதாக எடுப்பார்கள்.

9. முடிவு வந்த பிறகு

மறுத்தால்: எழுத்துமூலக் காரணம் கையில் கிடைத்து 15 நாளுக்குள் அகதி மேன்முறையீட்டுப் பிரிவுக்கு அறிவித்தல் போக வேண்டும், முழு ஆவணங்களும் 45 நாளுக்குள். அதுவும் மறுத்தால் பெடரல் கோர்ட்டுக்கு 15 நாள். மேன்முறையீட்டுக்கு லீகல் எயிட் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், பழைய சான்றிதழ் ஓடாது. ஆகவே கடிதம் வந்த அன்றைக்கே அடியுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் நான்காவதில் சொன்ன அந்த நிபந்தனை உத்தரவு உயிர் பெறும். 30 நாளுக்குள் போகாவிட்டால் அது நாடுகடத்தல் உத்தரவாகும்.

ஏற்றுக்கொண்டால்: நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பம். 2024 ஏப்ரல் கடைசியில் வந்த கட்டணப்படி பெரியவருக்கு 635 டொலர், பிள்ளைக்கு 175, இடையிடையே கூட்டுவார்கள். நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது அகதிகளுக்கு இல்லை. இதுவும் வருடக்கணக்கில் எடுக்கும். ஊரில் இருக்கிற கணவன், மனைவி, பிள்ளை எல்லாரையும், இப்போது கூப்பிட யோசனை இல்லாவிட்டாலும், இந்த விண்ணப்பத்தில் கட்டாயம் காட்டுங்கள். காட்டாமல் விட்டவரைப் பிறகு ஸ்பொன்சர் பண்ணுவது மிகவும் கஷ்டம். அவர்களையும் இதே விண்ணப்பத்தில் சேர்த்துச் செய்ய வழி இருக்கிறது.

இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பிக்கவோ, "அம்மாவுக்குச் சுகமில்லை, ஒரு கிழமை போய்விட்டு வருகிறேன்" என்று ஊருக்கு ரிக்கட் போடவோ வேண்டாம். பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று அகதி அந்தஸ்தையே எடுக்கலாம், அதோடு நிரந்தர வதிவிடமும் போகும். குடியுரிமை எடுக்கும் வரை இது பொருந்தும். வெளிநாடு போகத்தான் வேண்டும் என்றால் கனடாவின் அகதிப் பயண ஆவணத்தை எடுத்துக்கொண்டு, இலங்கை தவிர்ந்த நாட்டுக்குப் போங்கள். அம்மாவை இந்தியாவுக்கு வரச்சொல்லிப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த ஆவணத்தில் இந்திய விசா எடுக்க நாள் பிடிக்கும், ரிக்கட்டைப் பிறகு போடுங்கள்.